எரிஞ்சது எவ்வளவு, வழிஞ்சது எவ்வளவு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மாரமங்கலம் குழு உறுப்பினர் பேசியது. அவரே எழுதிக் கொடுத்தபடி.)



நான் மாரமங்கலத்திலிருந்து வருகிறேன். வீட்டைப் பார்த்துக்கொண்டு, காபிப் பழம் பறிக்கிற காலத்தில் எஸ்டேட் வேலைக்கும் போகிறவள். பத்தாவது வரைக்கும் படித்தேன். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. "உங்க குழு மெழுகுவர்த்தி செய்யுதே, அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசு" என்று நம் ஊக்குநர் அக்கா சொன்னார். லாபக் கணக்கைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் எங்களுக்கு வந்த ஒரு நஷ்டத்தைச் சொல்லப் போகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

1989-ல் தருமபுரியில் நம் தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் தொடங்கினபோது நான் பிறக்கவே இல்லை. எங்கள் அம்மா காலத்தில் குழு என்றால் சேமிப்பு, உள்கடன், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் தொழிலும் சேர்ந்துகொண்டது. எங்கள் குழுவில் 12 பேர். மூன்று நாள் பயிற்சி எடுத்து, வங்கிக் கடனில் அலுமினிய அச்சு வாங்கி, அதில் எட்டுப் பேர் மெழுகுவர்த்தி ஊற்றுகிறோம்.

மலையில் இருக்கிறவர்களுக்கு மெழுகுவர்த்தியின் அருமை தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்தால் போதும், ரெண்டு நாள் கரண்ட் இருக்காது. அதனால் எங்கள் ஊர்க் கடைகளில் எங்கள் மெழுகுவர்த்திதான் ஓடியது. ஒன்று 25 கிராம். சாயங்காலம் ஏற்றினால் சமையல் முடிந்து, பிள்ளைகள் படித்து, பாய் விரிக்கிற வரைக்கும் நிற்கும். நாலரை மணி நேரம். யாரும் குறை சொன்னதில்லை.

அப்புறம்தான் சேலத்தில் ஒரு ஜெபக்கூடத்திலிருந்து 600 மெழுகுவர்த்திக்கு ஆர்டர் வந்தது. எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆர்டர் அதுதான். ஒன்று 7 ரூபாய். மொத்தம் 4,200. முன்பணம் 1,500 கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு நல்லபடியாக இருந்தால் கிறிஸ்துமஸுக்கு 1,500 மெழுகுவர்த்தி எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். ராத்திரி பகலாக ஊற்றி, பெட்டி கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஈஸ்டர் முடிந்த வாரம் போன் வந்தது. "என்னம்மா மெழுகுவர்த்தி குடுத்திருக்கீங்க? நாலு மணி நேரம் நிக்கும்னு சொன்னீங்க. ரெண்டு மணி நேரம்கூட நிக்கலை. மெழுகைக் குறைச்சிட்டீங்களா?" மீதி 2,700 ரூபாயைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரக் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடன் தவணை கட்ட வேண்டிய வாரம் அது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சிலர், "நம்ம மலை குளிரு. இங்க நின்னு எரியுது. சேலம் வெயிலு. அங்க சீக்கிரம் எரிஞ்சிருச்சு. நாம என்ன பண்ண முடியும்?" என்றார்கள். இன்னும் சிலர் பேசவில்லை. ஆனால் பார்வை எல்லாம் ஒரு பக்கமே போனது. அச்சில் மெழுகு ஊற்றுகிறது எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருத்தர். வீட்டுக்காரர் இல்லாமல் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர்.

எல்லோரும் மனசில் நினைத்ததை நான் வாயால் சொன்னேன். "ஊத்துறப்ப மெழுகு குறைஞ்சிருக்குமோ? மிச்ச மெழுகு எங்க போச்சுன்னு பார்க்கணும்" என்றேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ரெண்டு கூட்டத்துக்கும் வரவில்லை.

எட்டாவது படிக்கிற என் மகள் வீட்டில் கேட்டாள்: "ஏம்மா, மிச்சம் இருக்கிறதை எடை போட்டுப் பார்த்தீங்களா?"

போடவில்லை. பன்னிரண்டு பொம்பளைங்க உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். ஒருத்திக்கும் தராசு ஞாபகம் வரவில்லை.

அந்த ஆர்டரில் ஊற்றினதில் 40 மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். 25, 24, 25, 26, 25. நாற்பதும் அப்படித்தான். எடை குறையவே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்போதே போய் அக்கா காலில் விழுந்திருக்க வேண்டும். போகவில்லை. சரியான காரணத்தோடு போகலாம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் போக வெட்கம்.

எடை இல்லை என்றால் வெயில்தானே? அதையும் பார்த்துவிடலாம் என்று மகள் சொன்னாள். அவளுடைய அறிவியல் டீச்சரிடம் கேட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள். டீச்சர் ஒரு யோசனை சொன்னார்: "ஒண்ணை மட்டும் எரிச்சா தராசுல வித்தியாசம் தெரியாது. மூணு சேர்த்து எரிங்க. காத்து படாம வைங்க. திரியை ஒரே நீளத்துக்கு வெட்டிக்கோங்க. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்." இந்தக் கடைசி வார்த்தையைத் தயவு செய்து எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் ஊற்றின பழைய பெட்டி ஒன்று பரண் மேல் இருந்தது. அதிலிருந்து மூன்று எடுத்தோம். மூன்றும் சேர்ந்து 75 கிராம். விடிகாலை அஞ்சு மணிக்கு எங்கள் வீட்டு உள் அறையில் கதவைச் சாத்திவிட்டு ஏற்றினோம். தெர்மாமீட்டர் 18 காட்டியது. சரியாக ரெண்டு மணி நேரம் கழித்து அணைத்து எடை போட்டோம். 42 கிராம். அப்படியென்றால் 33 கிராம் எரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அதே பெட்டியிலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டு, தராசையும் துணியில் சுற்றிக்கொண்டு, சேலத்தில் என் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். தங்கச்சி மாமியார், "மெழுகுவர்த்தியை எடை போடவா மலையிலிருந்து எறங்கி வந்தே?" என்று சிரித்தார். உச்சி வெயிலில் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினோம். 38 டிகிரி. மெழுகுவர்த்திக்குப் பரவாயில்லை, எங்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 40 கிராம் மிச்சம். 35 கிராம் எரிந்திருக்கிறது.

இருபது டிகிரி சூடு கூடியும் ரெண்டே கிராம்தான் வித்தியாசம். நாலரை மணி நேரம் நிற்கிற மெழுகுவர்த்தி சேலத்தில் நாலே கால் மணி நேரம் நிற்கும். கால் மணி நேரம்தான் குறைகிறது. நாலரை மணி ரெண்டு மணியாகாது.

எனக்கு இது நம்பவே முடியவில்லை. வெயிலில் மெழுகு இளகும்போது எரிவதும் வேகமாகத்தானே இருக்கணும்? டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு வித்தை காட்டினார். அதை இப்போது உங்களுக்கும் காட்டுகிறேன்.

(இந்த இடத்தில் மேடையில் மெழுகுவர்த்தி ஏற்றிக் காட்டினேன்.)

பாருங்கள், நன்றாக எரிகிறது. இப்போது ஊதி அணைக்கிறேன். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை மேலே போகிறதா? தீக்குச்சியைத் திரியில் வைக்காமல் இந்தப் புகையில் வைக்கிறேன். பார்த்தீர்களா? நெருப்பு புகை வழியாகவே இறங்கி ஓடித் திரியைப் பிடித்துக்கொண்டது.

அந்த வெள்ளைப் புகைதான் மெழுகு. கட்டி மெழுகு எரியாது. உருகின மெழுகும் அப்படியே எரியாது. கட்டி உருகி, திரி அதை உறிஞ்சி மேலே ஏற்றி, அங்கே நெருப்பின் சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் காற்றோடு சேர்ந்து எரிகிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரியேதான். எண்ணெய் ஏற்கெனவே உருகி இருக்கிறது. மெழுகுவர்த்தி தன் எண்ணெயைத் தானே உருக்கிக்கொள்கிறது.

நாம் வாங்குகிற மெழுகு சுமார் 60 டிகிரியில் உருகும். ஆனால் ஆவியாக வேண்டுமென்றால் 300 டிகிரிக்கு மேலே போக வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒருத்தி அடிவாரத்திலிருந்து ஏறுகிறாள், இன்னொருத்தி முதல் வளைவிலிருந்து ஏறுகிறாள். யார் முன்னால் போவார்கள்? ரெண்டாவது ஆள்தான். ஆனால் எவ்வளவு முன்னால்? ஒரே ஒரு வளைவு. மாரமங்கலத்துக் குளிருக்கும் சேலத்து வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் மெழுகுக்கு அந்த ஒரு வளைவுதான். மீதி 19 வளைவையும் நெருப்பு தன் சூட்டாலேயே ஏற்ற வேண்டும். நெருப்பின் ஓரத்தில் சூடு 1,000 டிகிரிக்கு மேலே. அதுக்கு முன்னால் நம் சித்திரை வெயில் ஒன்றுமே இல்லை.

மலை மேலே காற்று கொஞ்சம் லேசாக இருக்கும், அதுவும் எரிவதைக் கொஞ்சம் குறைக்கும், அதனால் அந்த ரெண்டு கிராம்கூட முழுக்க வெயிலால் வந்தது என்று சொல்லிவிட முடியாது என்றும் டீச்சர் சொன்னார். மார்கழியில் 12 டிகிரிக் குளிரில் மறுபடி பார்த்தோம். 32 கிராம் எரிந்தது. இந்தப் பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மெழுகுவர்த்தியை ஃப்ரிட்ஜுல வெச்சு ஏத்தினா ரொம்ப நேரம் எரியும்" என்று புத்தகத்திலும் போனிலும் வருகிறதே, தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து அதையும் பார்த்தோம். 41 கிராம் மிச்சம் இருந்தது. ஒரு கிராம்தான் லாபம். அது தராசின் கோளாறாகக்கூட இருக்கலாம். ஏற்றின கொஞ்ச நேரத்தில் குளிர்ச்சி போய்விடுகிறது. ஃப்ரிட்ஜில் காய்கறி வையுங்கள் தாயி, மெழுகுவர்த்தி வேண்டாம்.

இந்த மெழுகுவர்த்தியை வைத்தே ஒரு பெரிய விஞ்ஞானி பாடம் நடத்தியிருக்கிறார். மைக்கேல் ஃபாரடே என்று பெயர். இங்கிலாந்துக்காரர். 1791-ல் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். பெரிய படிப்பில்லை. புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே கற்றுக்கொண்டார். கிறிஸ்துமஸ் லீவில் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு மெழுகுவர்த்தி எப்படி எரிகிறது என்று ஆறு நாள் பேசியிருக்கிறார். அது 1861-ல் புத்தகமாக வந்தது. நான் இப்போது காட்டின புகை வித்தையும் அவர் அங்கே காட்டினதுதான். ஜப்பானில் அகிரா யோஷினோ என்கிறவர் சின்ன வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் அறிவியலில் ஆசை வந்தது என்று சொல்லியிருக்கிறார். நம் செல்போனில் இருக்கிற லித்தியம் பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசு வாங்கினவர் அவர். பத்தாவது படித்த நமக்கு எதுக்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். அந்த மெழுகுவர்த்திதான் நம் கையிலும் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். எடையும் குறையவில்லை, வெயிலும் காரணம் இல்லை. அப்புறம் ஏன் ரெண்டு மணி நேரத்தில் போனது?

இவ்வளவு நாளும் பழைய பெட்டி மெழுகுவர்த்தியைத்தான் எரித்துப் பார்த்தோம். ஆர்டருக்கு ஊற்றினதை எரித்துப் பார்க்கவே இல்லை. மகள்தான் கண்டுபிடித்தாள். "அம்மா, இதோட திரி தடிமனா இருக்கு பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரி நூல் வாங்கினது நான். பழைய உருண்டை தீர்ந்துபோனது. அவசரத்துக்குச் சேலத்தில் ஒரு கடையில் விலை மலிவாக இருந்தது, நூலும் கெட்டியாக இருந்தது. கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து வாங்கினேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

அதில் மூன்றை எடுத்து எங்கள் வீட்டில் அதே அறையில் அதே விடிகாலையில் ஏற்றினோம். ரெண்டு மணி நேரத்தில் மிச்சம் 30 கிராம். 45 கிராம் எரிந்திருக்கிறது. திரி தடிமனாக இருந்தால் மெழுகை அதிகம் உறிஞ்சும், நெருப்பு பெரிதாகும், பெரிய நெருப்பு இன்னும் அதிகம் உருக்கும். அப்படியானால் நாலரை மணி நேர மெழுகுவர்த்தி மூணே கால் மணி நேரத்துக்குத்தான் வரும். வெயில் கால் மணி நேரத்தைத் தின்றது. நான் வாங்கின நூல் ஒரு மணி நேரத்துக்கு மேலே தின்றிருக்கிறது.

ஆனாலும் மூணே காலுக்கும் ரெண்டுக்கும் இடையில் இன்னும் வித்தியாசம் இருக்கிறது. அதனால் தலைவி அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்த ஜெபக்கூடத்துக்கே நேரில் போனேன். பணம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முதலில் முகம் கொடுக்கவில்லை. "பணம் கேக்க வரலைங்க. எப்படி ஏத்தி வெச்சீங்கன்னு பார்க்க வந்தோம்" என்றோம். காட்டினார்கள். மணல் பரப்பின ஒரு தகரத் தட்டு. அதில் மெழுகுவர்த்திகளை விரலிடை கூட இல்லாமல் நெருக்கமாக நட்டு வைக்கிறார்கள். மேலே ஃபேன் ஓடுகிறது.

தங்கச்சி வீட்டில் அதே மாதிரி செய்து பார்த்தோம். ஒரு தாம்பாளத்தில் மணல் போட்டு 12 மெழுகுவர்த்தியை நெருக்கி நட்டு, ஃபேனை மெதுவாக ஓடவிட்டோம். ஒன்றிரண்டு அணைந்தது, மறுபடி ஏற்றினோம். அரை மணி நேரத்தில் ஒன்றின் சூட்டில் இன்னொன்று இளகி வளைய ஆரம்பித்தது. ஃபேன் காற்றில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்து விளிம்பை உருக்கி, குளம் உடைந்த மாதிரி மெழுகு வழிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டும் முடிந்தது.

அப்போது மகள் ஒரு காரியம் செய்தாள். தட்டில் வழிந்து கிடந்த மெழுகையெல்லாம் சுரண்டி, மணலை உருக்கி வடிகட்டி எடை போட்டாள். மொத்தம் வைத்தது 300 கிராம். வழிந்து கிடந்தது 160 கிராம். எரிந்தது 140 கிராம்தான். பாதிக்கு மேலே எரியவே இல்லை, வீணாக வழிந்திருக்கிறது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாம் எல்லோரும் "சீக்கிரம் எரிஞ்சிருச்சு" என்று ஒரே வார்த்தையில் சொன்னோம். எரிஞ்சது வேறு, வழிஞ்சது வேறு. எரிவதில் வெயில் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. வழிவதில்தான் சூடு வேலை காட்டுகிறது. மெழுகு 60 டிகிரியில் உருகும் என்றாலும் அதுக்கு முன்னாலேயே இளகிவிடும். பக்கத்துச் சுடரின் சூடும் வெயிலும் சேர்ந்தால் நிமிர்ந்து நிற்காது. சாய்ந்தால் வழியும். வழிந்தது திரிக்குப் போய்ச் சேராது.

இப்போது தப்பு யார் மேல்? நூல் மாற்றினது நான். நெருக்கி வைத்து ஃபேன் போட்டது அவர்கள். சந்தேகப்பட்டது அக்காவை.

முதலில் அக்கா வீட்டுக்குப் போனேன். மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். தராசையும் நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். அதையெல்லாம் காட்ட வாய் வரவில்லை. "என்னை மன்னிச்சிருங்கக்கா, நூல் மாத்தினது நான்தான்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் மிளகையே கிளறிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "ஏம்புள்ள, மெழுகை எடை போட உனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. என்னை எடை போட ஒரு நிமிஷம் ஆகலையே."

இதை இந்த மேடையில் சொல்ல வேண்டும் என்றுதான் நான் வந்தேன். நம் குழுக்களில் பணம் குறைந்தால், பொருள் கெட்டால், நாம் முதலில் ஆளைத்தான் பார்க்கிறோம். அதுவும் யார் தனியாக இருக்கிறாளோ, யாருக்குப் பேச ஆள் இல்லையோ அவளைத்தான் பார்க்கிறோம். நோட்டையும் தராசையும் பிறகுதான் பார்க்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் நான் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன். தீர்மான நோட்டிலும் எழுதச் சொன்னேன். அக்கா மறுபடி வந்தார். இப்போது ஊற்றுகிற வேலையோடு எடை போட்டு எழுதுகிற பொறுப்பும் அவரிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி நேரம் பார்த்த பிறகுதான் பெட்டி கட்ட விடுவார்.

ஜெபக்கூடத்துக்கும் போய் உள்ளதைச் சொன்னோம். "திரி எங்க தப்பு. அதுக்கு 100 மெழுகுவர்த்தி சும்மா தர்றோம். ஆனா நீங்களும் நாலு விரக்கடை இடைவெளி விட்டு நடுங்க, மேல ஃபேன் போடாதீங்க" என்றோம். அவர்கள் முன்னாலேயே ரெண்டு தட்டில் ஏற்றிக் காட்டினோம். மீதி 2,700 ரூபாயைக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு 1,500 சொன்னவர்கள் 500-தான் எடுத்தார்கள். போன நம்பிக்கை முழுசாக வந்துவிடாது. ஆனால் அந்த 500-க்குக் குறை ஒன்றும் வரவில்லை.

மெழுகுவர்த்தி செய்கிற சகோதரிகளுக்கும் வீட்டில் ஏற்றுகிறவர்களுக்கும் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திரி நூலை மாற்றினால் முதலில் மூன்று ஊற்றி எரித்துப் பாருங்கள். மெழுகுவர்த்தி பெருசானால் திரியும் தடிமனாக வேண்டும். சின்னதுக்குத் தடித்த திரி போட்டால் வழியும். பெருசுக்கு ஒல்லித் திரி போட்டால் நடுவில் குழி விழுந்து ஓரத்து மெழுகு உருகாமல் நிற்கும்.

ஏற்றுவதற்கு முன்னால் திரியைக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். நீளத் திரி புகையும், சீக்கிரமும் எரியும்.

கீழ்நாட்டுக்கு அனுப்புவதற்குக் கொஞ்சம் அதிகச் சூட்டில் உருகுகிற மெழுகு கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிக் ஆசிட் அளவாகச் சேர்த்தால் கெட்டிப்படும். பெட்டியை வெயிலில், வண்டிக் கூரை மேல் வைக்காதீர்கள்.

மலையில் ஊற்றுகிறவர்கள் மார்கழிக் குளிரில் அச்சை ரொம்பச் சில்லென்ற தண்ணீரில் வைக்காதீர்கள். வெடிப்பு விடும். மெழுகு ஆறும்போது சுருங்கி நடுவில் பள்ளம் விழும். அதை இரண்டாவது தடவை ஊற்றி நிரப்பினால்தான் எடை சரியாக வரும்.

மெழுகை நேராக அடுப்பில் வைத்து உருக்கவே கூடாது. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ சீறி மேலே பாயும். அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூடுங்கள். எரிகிற மெழுகுவர்த்தியைப் பிள்ளைகளோடு தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் குழு நோட்டில் இப்போது சேமிப்புப் பக்கம், கடன் பக்கத்தோடு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தேதி, திரி, எடை, எரிந்த நேரம். முதல் வரியை என் மகள் எழுதினாள்: 18 டிகிரி, 2 மணி நேரம், 33 கிராம். அடுத்த வரிகளை அக்கா எழுதுகிறார். அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எண் எல்லாம் அழகாக எழுதுகிறார். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எங்களுக்கு அது தெரியவில்லை.

இந்த ஏற்றின மெழுகுவர்த்தியும் அவர் ஊற்றினதுதான். நாலரை மணி நேரம் நிற்கும். நான் அவ்வளவு நேரம் பேச மாட்டேன், பயப்படாதீர்கள்.